நஸீஹா இறக்கிய கப்பல்

நஸீஹா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "இந்தப் பொண்ணு ஒரு மாசம் தாங்காது" என்று சொன்னவன் நான்தான். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது, அவள் காதில் விழும்படியே சொன்னேன். அவள் தலைக்கவசத்தைத் தூக்கிப் பார்த்து, "எந்த மாசம்னு சொல்லுங்கண்ணே, லீவு போட்டுக்கறேன்" என்றாள். இருபத்தொரு வருடம் ஓடிவிட்டது. இன்றுவரை முதல் தேதி பிறந்தால் போதும், கேண்டீனில் என் முன்னால் வந்து நின்று, "அண்ணே, இந்த மாசமா?" என்று கேட்பாள். சனியன், ஒரு தடவைகூட மறந்ததில்லை.

நான் தங்கராஜு. வீடு சிங்கப்பூர் தோ பாயோவில். வேலை ஜூரோங் கடலோரத்தில் ஒரு சின்னக் கப்பல் பட்டறையில். கட்டி முடித்த கப்பலைத் தண்ணீருக்குள் சறுக்கிவிடும் சரிவுத் தளத்தை ஸ்லிப்வே என்போம். அதற்கு நான் ஃபோர்மேன். பெரிய கப்பல்களை இழுத்துக்கொண்டு போகுமே டக் போட்டு, அதைத்தான் நாங்கள் கட்டுகிறோம். "ஓ, சின்ன யார்டா?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று ஏறும். முன்னூறு டன் இரும்பு சரிவில் கிளம்பும்போது நீ பக்கத்தில் வந்து நில்லு, அப்புறம் பேசு.

நஸீஹா பூன் லேயில் பிறந்து வளர்ந்தவள். அப்பா காதர் மைதீன் அங்கே அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருந்தார். ஐடிஇ தொழிற்கல்லூரியில் அவள் வெல்டிங் எடுத்தபோது வகுப்பில் இருபத்தாறு பையன்கள், இவள் ஒருத்தி. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்களாம். அப்பா மட்டும், "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாராம். கணவர் ஜலாலுதீன் பேருந்து ஓட்டுகிறார். நல்ல மனுஷன், அவள் பேசுவதில் பத்தில் ஒரு பங்குதான் பேசுவார்.

இப்போது அவள் வெல்டிங் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே பத்துப் பேர். இந்த வருடம் நாங்கள் கட்டிய டக் போட்டின் அடிப்பாகத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். உடம்புக்கு எடுப்பதுபோலத்தான், வெல்டிங்குக்குள் ஓட்டை ஒடிசல் இருக்கிறதா என்று பார்க்க. எப்போதும் நாலைந்து இடத்தில் வெட்டி மறுபடியும் போடச் சொல்வார்கள். இந்தத் தடவை ஒன்றுகூட இல்லை. கப்பல் முதலாளி திரு. சுவா அந்த ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். வழக்கமாக அவருடைய மனைவிதான் மேடையில் ஏறிப் பாட்டிலை உடைத்துக் கப்பலை இறக்கிவைப்பார். அந்த அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. "இந்தத் தடவை கட்டியவளே இறக்கட்டும்" என்று சுவா சொல்லிவிட்டார். இறக்குகிறவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி, கப்பலை ஓட்டும் அறையில் மாட்டுவது வழக்கம். அந்தப் பெயரும் இவளுடையதுதான்.

மேனேஜர் சரத் வந்து இதைச் சொன்னபோது நஸீஹாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, இருபத்தொரு வருஷமா நான் கட்டுன போட்டு எல்லாத்தையும் கயித்துக்குப் பின்னாடி நின்னுதான் பார்த்திருக்கேன். முதலாளி தலை மறைக்கும், குடை மறைக்கும். ஒரு தடவை மேல நிக்கணும்ணே. ரொம்ப ஆசையா இருக்கு."

"நில்லு. யாரு வேணாங்கறா?"

"பாட்டில்ல என்ன இருக்கும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஷாம்பெயின்.

மறுநாளே சரத்திடம் போய், மதுவைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சரத் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "நீங்க எங்க தொடறீங்க லா? ரிப்பனை மட்டும்தானே கட் பண்றீங்க. பாட்டில் தானா போய் மோதப்போகுது" என்றார்.

"சார், கட் பண்றது என் கை. மோதுறது மட்டும் அதுவாவா?"

விஷயம் சுவாவிடம் போனது. அவருக்கு ஒரே பயம், பாட்டில் முதல் அடியிலேயே உடைய வேண்டும். அவருடைய அப்பாவின் படகு ஒன்றில் பாட்டில் உடையாமல் போய், அந்தப் படகு மூன்றாம் மாதமே தரை தட்டிவிட்டதாம். ஷாம்பெயின் இல்லாமல் எப்படி என்று யோசித்தவர், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழி சொல்லுங்கள், இல்லையென்றால் சரத்தின் மனைவி வைஷாலி இறக்கட்டும் என்றார். கப்பலை இறக்கும் நாள் அடுத்த செவ்வாய். அன்று காலை பத்து ஐம்பதுக்குக் கடல் நன்றாக ஏறியிருக்கும். கடல் யாருக்காகவும் நேரத்தை மாற்றிக்கொள்ளாது.

நான் பொருமித் தள்ளினேன். "சும்மா கண்ணை மூடிக்கிட்டு ரிப்பனை வெட்டிட்டு வாம்மா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க ஒவ்வொரு கப்பலுக்கும் தேங்காய் உடைக்கிறீங்களே, அதுக்குப் பதிலா முட்டை உடைங்கன்னா உடைப்பீங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் யார்டு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கப்பல் இறங்கும் காலை முதலில் நான் முகப்பில் மாலை போட்டுத் தேங்காய் உடைப்பேன். பிறகு சீன ஃபோர்மேன் ஆரஞ்சுப் பழம் வைத்து ஊதுபத்தி கொளுத்துவார். அப்புறம் நஸீஹாவும் மற்ற முஸ்லிம் ஆட்களும் துஆ ஓதி வேண்டிக்கொள்வார்கள். மூன்றும் சேர்ந்து கால் மணி நேரம், வரிசை மாறாது. கடைசியாகத்தான் வெள்ளைக்காரன் வழக்கமான பாட்டில். மற்ற மூன்றையும் நாங்களே செய்துவிடுவோம், பாட்டிலுக்கு மட்டும் முதலாளி வீட்டு ஆள் வரும்.

அந்த வாரம் கம்பெனி பஸ்ஸில் நஸீஹா கைப்பேசியிலிருந்து தலையையே தூக்கவில்லை. நூலகத்தின் இணையத்தளத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய செய்தித்தாள்கள் கிடக்கின்றனவாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எந்த யார்டில் எந்தத் தேதியில் எந்தக் கப்பல் இறங்கியது, சரக்குக் கப்பலா போர்க்கப்பலா, இறக்கிவைத்த பெண்மணி யார் என்று பத்தி பத்தியாகப் போட்டிருந்தார்களாம். ஒரே வாரத்தில் ஆறு, ஏழு கப்பல்! அவள் படிக்கப் படிக்க எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது, அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. சறுக்குக் கட்டைகளுக்கு அந்தக் காலத்தில் மாட்டுக்கொழுப்பும் சோப்பும் தடவுவார்களாம். நாங்கள் கிரீஸ் தடவுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அண்ணே, ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றாள். "இந்த லிஸ்ட்ல எல்லாப் பொம்பளையும் யாரோ ஒருத்தரோட பொண்டாட்டி, யாரோ ஒருத்தரோட மகள். டைரக்டர் பொண்டாட்டி, கேப்டன் மகள். சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆணி அடிச்சவன் பேரு, தகடு வளைச்சவன் பேரு ஒண்ணுகூட இல்லண்ணே. அத்தனை கப்பலும் தானாவா முளைச்சுது?"

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். "கெடச்சிருச்சு! யா அல்லாஹ், கெடச்சிருச்சு!"

அமெரிக்காவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில் ஒரு போர்க்கப்பல். கான்சஸ் என்ற மாநிலத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த மாநிலத்தில் அப்போது மதுவுக்குத் தடை. அதனால் ஆளுநரின் மகள் ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை உடைத்துத்தான் கப்பலை இறக்கினாளாம். போர்க்கப்பலே தண்ணீர்ப் பாட்டிலோடு இறங்கியிருக்கிறது, டக் போட்டுக்கு என்ன கேடு?

சுவா கைப்பேசியில் அதைப் படித்துப் பார்த்தார். தண்ணீரென்றாலும் சரி, ஆனால் முதல் அடியில் உடைய வேண்டும் என்றார். நாங்கள் உடனே ஒரு கனத்த பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பழைய இரும்புத் தகட்டில் மோதவிட்டுப் பார்த்தோம். டொம். இன்னொரு தடவை. டொம். ஏழு தடவை மோதியும் அந்தப் பாட்டில் அசையவில்லை, தகட்டில்தான் பெயின்ட் உதிர்ந்தது. எனக்கு வந்த கோபத்தில் அதை எடுத்துக் கடலிலேயே வீசியிருப்பேன்.

நஸீஹா அசரவில்லை. "உள்ள பிரஷர் இல்லண்ணே. கேஸ் இருந்தாத்தான் உடையும்" என்றாள். அன்று சாயங்காலம் எனக்கு மாலையும் தேங்காயும் வாங்க வேண்டியிருந்தது. இரண்டு பேருமாகத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனோம். பஃபலோ ரோட்டில் நான் மாலைக்குச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள், சிராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றிலிருந்து இரண்டு பாட்டிலோடு வந்தாள். நுரைக்கும் திராட்சைச் சாறு, ஹலால் முத்திரையோடு. பார்க்க அசல் ஷாம்பெயின் பாட்டில், உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. சீனர்களுக்குச் சிவப்பு ராசியான நிறம், சுவாவுக்குப் பரம சந்தோஷம். வெள்ளிக்கிழமை ஒன்றைச் சோதனைக்கு மோதவிட்டோம். உடைந்தது, ஆனால் இரண்டாவது அடியில்.

"செவ்வாய்க்கிழமை முதல் அடியிலயே உடையும்ணே. ரிப்பனை வெட்டும்போதே நான் நல்லாத் தள்ளி விடறேன்" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பாட்டிலின் வயிற்றில் இரும்பு தேய்க்கும் கிரைண்டரால் லேசாக ஒரு கோடு இழுத்துவைத்தால் சுலபமாக உடையும், எல்லா இடத்திலும் செய்வதுதான். செவ்வாய்க்கிழமை காலை யாருக்கும் தெரியாமல் ஒரு கோடு இழுத்தேன். போதுமா என்று ஒரு சந்தேகம், இன்னொரு கோடு இழுத்தேன். அவள் ஆசைப்பட்ட ஆசை நினைவுக்கு வந்தது, மூன்றாவது கோடும் இழுத்தேன். கண்ணாடித் துண்டு சிதறாமலிருக்கப் பாட்டிலை வலைப் பைக்குள் போட்டு, ரிப்பனில் கட்டி, கப்பல் முகப்பை ஒட்டி மேடைக்கு எதிரே தொங்கவிட்டேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

நஸீஹா பச்சைப் பட்டில் பாஜு குரோங் என்ற மலாய் உடை போட்டுக்கொண்டு வந்தாள். ஜலாலுதீன் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தார். தேங்காய் ஆயிற்று, ஆரஞ்சு ஆயிற்று, துஆ ஆயிற்று. பத்து இருபத்தைந்துக்கு அவள் மேடையில் முதல் படியில் கால் வைத்தாள்.

டப்!

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாரும் மேலே பார்த்தோம். வலைப் பைக்குள் வெறும் கண்ணாடித் துண்டுகள். சிவப்புச் சாறு கப்பலின் வெள்ளை முகப்பில் வழிந்துகொண்டிருந்தது, என் சட்டையிலும் பாதி. வெயிலில் காய்ந்த பாட்டில் நான் இழுத்த கோட்டோடு வெடித்துவிட்டது.

"யாரு பாட்டிலைக் கீறுனது?" என்றாள் நஸீஹா. துண்டின் ஓரத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கிரைண்டர் வேலை.

"நான்தான்" என்றேன்.

"எத்தனை கோடு?"

"மூணு."

"மூணு! அண்ணே, என்னைக் கேட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எனக்கு உடைக்கத் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. முதல் நாளும் இப்படித்தான், இன்னைக்கும் இப்படித்தான்!" கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

சரத் அதற்குள் விருந்தினருக்கு வைத்திருந்த ஷாம்பெயினில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மணி பத்து முப்பத்தைந்து. "டைம் இல்லக்கா. சாரி. வைஷாலி, நீ போ" என்றார். வைஷாலி, "அய்யோ, என்னை ஏன் லா இழுக்கறீங்க?" என்று பின்னால் நகர்ந்தாள். சுவா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் நஸீஹாவைப் பார்த்தார்கள்.

அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். முடிந்தது, விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் நேராக சுவாவிடம் போனாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், நான் தமிழில் சொல்கிறேன்.

"சார், பாட்டில் உடைய வேண்டும் என்றீர்கள். இதோ, இந்தக் கப்பலின் முகப்பிலேயே உடைந்து வழிகிறது. அதில் குறை இல்லை. ஆனால் கப்பலை இறக்குவது பாட்டில் இல்லை. அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களில் பெண்ணின் கையில் ஒரு சுத்தியும் உளியும் கொடுப்பார்கள், கப்பலைப் பிடித்திருக்கும் கயிற்றை அவளே வெட்டுவாள். ஜப்பானில் வெள்ளிக் கோடரி. நம் யார்டில் கப்பலைப் பிடித்திருப்பது கயிறு இல்லை, ஒரே ஒரு இரும்புத் தகடு. அதை நான் வெட்டுகிறேன்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கப்பலைத் தாங்கும் கட்டைகளை எல்லாம் காலையிலேயே எடுத்துவிடுவோம். கடைசியில் ஒரு தகடு மட்டும் கப்பலைச் சரிவோடு பிடித்துக்கொண்டிருக்கும். மேடையில் பாட்டில் உடைந்ததும், கீழே அஸ்மத் என்ற எங்கள் ஆள் கேஸ் தீயால் அந்தத் தகட்டை அறுப்பான். பாதி அறுபட்டதும் கப்பலின் பாரமே மீதியைக் கிழித்துவிடும். படம் எடுப்பதெல்லாம் மேடையைத்தான். தகட்டை யாரும் படம் எடுத்ததில்லை.

சுவா முகப்பில் வழிந்த சிவப்பைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், என் சட்டையையும் பார்த்தார். பிறகு மனுஷன் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "கேன், கேன்" என்றார், ஆகட்டும் என்று அர்த்தம். "கோ!"

நஸீஹா ஓடினாள். பட்டுக்கு மேலே அஸ்மத்தின் தோல் கோட்டை மாட்டினாள், அவனுடைய பூட்ஸுக்குள் காலைத் திணித்தாள். தீப்பொறியிலிருந்து முகத்தைக் காக்கும் கண்ணாடியை ஜலாலுதீன் கொண்டுவந்து கொடுத்தார். "பார்த்து" என்றார், அவ்வளவுதான். நான் சறுக்குக் கட்டைகளை எல்லாம் இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். பத்து நாற்பத்தெட்டு.

"கிளியர்!" என்று கத்தினேன்.

"அண்ணே!" என்று கூப்பிட்டாள். இன்னும் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "இந்த மாசம் இல்லண்ணே" என்றாள். கண்ணாடியைக் கீழே இறக்கி, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லித் தீயைத் தகட்டில் வைத்தாள்.

நான் நூறு தடவைக்கு மேல் பார்த்த வேலை அது. ஆனால் அன்று அவளைச் சுற்றி விருந்தினர், சமையல்காரர், காவல்காரர் என்று அத்தனை பேரும் மேடையை விட்டுவிட்டுக் கயிற்றுக்குப் பின்னால் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தீப்பொறி பறந்தது. பாதித் தகடு அறுபட்டதும் படார் என்று ஒரு சத்தம். கப்பல் முதலில் ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்புறம் கிளம்பிவிட்டது. மரக்கட்டை உறும, கிரீஸ் புகைய, சிவப்பு வழிந்த மூக்கோடு போய்க் கடலில் விழுந்து, ஒரு தடவை குனிந்து எழுந்து நின்றது. எல்லாரும் கத்தினார்கள். நானும்தான். தொண்டை கிழியக் கத்தினேன்.

நஸீஹா மட்டும் கண்ணாடியைத் தூக்கவில்லை. பக்கத்தில் போனேன். உள்ளே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"போங்கண்ணே, நீங்க ஒரு ஆளு" என்றாள். "எவ்ளோ அழகாப் போச்சு, பார்த்தீங்களா?"

மறுவாரம் சரத் பித்தளைத் தகட்டுக்கு எழுதிய வாசகத்தைக் கொண்டுவந்து காட்டினார். 'இக்கப்பலை நீரில் இறக்கியவர் திருமதி நஸீஹா, திரு. ஜலாலுதீனின் மனைவி.' அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அவரு பஸ்ஸுல தகடு மாட்டும்போது அங்க அவரு பேரைப் போடுங்க சார். இதுக்குப் பித்தளை வேணாம், என்கிட்ட இரும்பு இருக்கு" என்றாள்.

அறுபட்ட தகட்டில் கரையோடு தங்கிய பாதியை அவள் எடுத்து வைத்திருந்தாள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வெல்டிங்காலேயே ஒவ்வொரு எழுத்தாகப் பெயர்களைப் போட்டாள். சுவா வந்து பார்த்துவிட்டு, இதையே மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

கப்பல் வேலைக்குக் கிளம்பும் நாள் நான் மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே அந்தத் தகடு இருந்தது. முதல் வரியில் 'இறக்கியவர்: நஸீஹா, வெல்டர்.' அதற்குக் கீழே 'கட்டியவர்கள்' என்று அவளுடைய பத்துப் பேரின் பெயர்களும் இருந்தன. இரண்டு தமிழர், மூன்று பங்களாதேஷ்காரர், நான்கு சீனர், ஒரு மலாய்க்காரர். ஒருவர் விடாமல் போட்டிருந்தாள்.

என் பெயர் எங்கேயும் இல்லை. செய்த வேலைக்கு இதுவே போதும் என்று திரும்பப் போனவன், கடைசியில் அறுபட்ட ஓரத்தை ஒட்டிப் பொடி எழுத்தில் ஒரு வரியைப் பார்த்தேன்.

'பாட்டிலை உடைத்தவர்: தங்கராஜு.'